மறுசலவைக்குப் போன பரீட்சைத் தாள்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் கஞ்சியக்காவைத் தெரியாதவர் கிடையாது. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளுக்குக் கஞ்சி போடுவதுதான் பதினெட்டு வருஷமாக அவள் வேலை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் குடியிருந்தது. அவள் கஞ்சி போட்ட கோட்டு ஆணியில் தொங்காது, தரையில் நிற்கும். ஒரு நாள் பெரிய டாக்டர் வர நேரமாகிவிட்டதாம். அவர் கோட்டு பொறுமை இழந்து தானாகவே வார்டைச் சுற்றி வந்ததாகவும், அதைப் பார்த்ததுமே இரண்டு நோயாளிகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. இரண்டு பேர் என்பது மிகை. ஒருவர்தான்.

இப்பேர்ப்பட்ட அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு சுற்றறிக்கை. புதுக் கட்டடத்தில் புது இயந்திரம் வருகிறது. புதுக் கோட்டுகளுக்குக் கஞ்சியே தேவையில்லை. ஆகவே கஞ்சி அறை மூடப்படும். இயந்திரத்தை ஓட்ட ஆள் வேண்டும். அதற்குப் பயிற்சிப் பிரிவு ஒரு பரீட்சை வைக்கும். இருபது கேள்வி, நூறு மார்க், ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. ஒருவருக்கு மூன்று தடவைதான் வாய்ப்பு. தேறாதவர்கள் அழுக்குத் துணி பிரிக்கும் கூடத்துக்குப் போக வேண்டும்.

அந்தக் கூடம் பின்பக்கம் இருந்தது. ஜன்னல் இல்லை. அங்கே போனவர்கள் ஒரு வாரத்தில் பேசுவதைக் குறைத்துக்கொள்வார்கள், வாயைத் திறந்தால் என்னவெல்லாம் உள்ளே போகுமோ என்று. ஆனால் அக்காவை வாட்டியது அந்தப் பயம் மட்டுமல்ல. இயந்திரம் வந்து இறங்கிய அன்று அவள் போய்ப் பார்த்திருந்தாள். ஒரு பஸ் நீளம். நீல நிறம். வரிசையாக வட்டக் கண்ணாடிகள். யாரும் பார்க்காதபோது அதன் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். வீட்டுக்காரரைக்கூட அவள் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. இதை அவரே பிற்பாடு சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார்.

அவளுக்கு அந்த இயந்திரம் வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நடுவில் நின்றது கணக்கு.

கணக்கு அவளுக்கு வராது என்பது அவள் வீட்டில் சூரியன் கிழக்கே உதிப்பதைப் போல எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி. இதற்குக் காரணமான கணக்கு டீச்சர் பிரம்பெடுத்தவர் இல்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னவரும் இல்லை. தங்கமான மனுஷி. ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் கரும்பலகை முன்னால் அவள் விழித்துக்கொண்டு நின்றபோது, டீச்சருக்கு மனசு இளகிவிட்டது. "பாவம், அவளைக் கஷ்டப்படுத்த வேணாம். நீ போய் ஆபீஸ் ரூம்ல சாக்பீஸ் வாங்கிட்டு வாம்மா" என்றார். அன்றிலிருந்து கணக்கு வகுப்பு தொடங்கினால் அவள் சாக்பீஸ் வாங்கப் போவாள். வருஷம் முழுக்கப் போனாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸுக்குப் பஞ்சமே வரவில்லை. அவளுக்குத்தான் பின்னம் வரவில்லை. திட்டியிருந்தால்கூட ஒரு வீம்பு வந்திருக்கும். பாவம் பார்த்தவரிடம் எப்படி வீம்பு பிடிப்பது?

அந்தப் பழக்கம் நாற்பத்து மூன்று வயதிலும் விடவில்லை. முதல் தடவை பரீட்சை எழுத உட்கார்ந்த ஐந்தாம் நிமிஷம் மின்விசிறி நின்றது. மற்றவர்கள் வேர்த்துக்கொண்டே எழுதினார்கள். அக்கா எழுந்துபோய் எலக்ட்ரீஷியனைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து, அவர் ஏணியையும் பிடித்துக்கொண்டாள். விசிறி ஜோராகச் சுற்றியது. மார்க் இருபத்தைந்து. இரண்டாம் தடவை விசிறி ஏமாற்றிவிட்டது, நிற்கவே இல்லை. வேறு வழியின்றி உட்கார்ந்து எழுதினாள். முப்பது.

திருத்திய தாள் உறையில் போட்டு வந்தது. அதை அவள் நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் ஆளுக்கொரு விதமாகத் தேற்றினார்கள். வீட்டுக்காரருக்குப் பூட்டு ரிப்பேர் வேலை. அவர் உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு சாவி உண்டு.

"உனக்கு இருக்குற மூளைக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா? அடுத்த தடவை ஊதித் தள்ளிடுவ பாரு" என்றார்.

"மூளை இருக்குறத நீங்க எப்பப் பாத்தீங்க?"

"இல்லாமயா என்னை இத்தனை வருஷமா மேய்க்கிற?"

"அதுக்கு மூளை வேணாம்ங்க. பொறுமை போதும்."

மகள் கல்லூரியில் கணக்கே பாடமாக எடுத்துப் படிக்கிறவள். அவள் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். "இது ரொம்ப ஈஸிம்மா" என்று தொடங்கினாள். பத்து நிமிஷத்தில் ஆறு தடவை ஈஸி என்றாள். ஏழாவது ஈஸிக்கு அக்கா எழுந்துபோய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்துவிட்டாள். ஏற்கெனவே துலக்கிய பாத்திரம்.

இப்போது சலவைக்கூடத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். துவைத்துப் போன துணி கறையோடு திரும்பி வந்தால், அதை அப்படியே மறுபடி இயந்திரத்தில் திணிக்கக் கூடாது. ஒரு மஞ்சள் சீட்டு எழுதி ஊக்கால் குத்த வேண்டும். சீட்டில் மூன்றே வரி: என்ன கறை? என்ன செய்தோம்? இனி என்ன? சீட்டில்லாத துணியை யாரும் தொட மாட்டார்கள். யார் துவைத்தது, யார் கோட்டைவிட்டது என்று சீட்டில் கேள்வியே கிடையாது. மறுசலவைக்கு வந்த துணியைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததும் இல்லை.

இரண்டாம் தடவை தோற்றதற்கு மறுநாள், ஒரு கோட்டு மூன்றாம் முறையாகக் கறையோடு திரும்பி வந்தது. பக்கத்து மேஜையில் இஸ்திரி போடுகிற தம்பி, அக்காவைவிட நாலைந்து வயது இளையவன், அதைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"இது தேறாதுக்கா. கழிச்சுக் கட்டிடலாம்."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ன கறைன்னே பாக்காம தேறாதுன்னா என்ன அர்த்தம்? சீட்டு எங்க?"

"விழுந்து போச்சு போல."

"அப்போ புதுசா எழுது. இது இங்க்குன்னு நினைச்சு இங்க்குக்கு உண்டான மருந்தப் போட்டிருக்காங்க. மோந்து பாரு, இது தைலம். வேற கறைக்கு வேற வைத்தியம் பாத்துட்டு, துணி மேல பழிய போடுறியா?"

தம்பி மோந்து பார்த்தான். தைலம்தான். தோற்றுப்போனவன் சும்மா இருக்க மாட்டான் அல்லவா? இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டான்:

"துணிக்கு இவ்வளவு வக்கீல் வேலை பாக்கறீங்களே, உங்க பரீட்சைத் தாளுக்குச் சீட்டு எங்கக்கா? எனக்கு வராதுன்னு மடிச்சுச் சாப்பாட்டுப் பையில போட்டு வச்சிருக்கீங்க. என்ன கறைன்னு பாத்தீங்களா?"

அக்கா, "உன் வேலையப் பாருடா" என்றாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் கோட்டுகளில் கஞ்சி கூடிப்போய், ஒரு டாக்டரால் கையை மடக்கவே முடியவில்லை என்று புகார் வந்தது.

மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில், துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து தாளை எடுத்துப் பிரித்தாள். மார்க்கைப் பார்க்காமல் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு, தப்பான முதல் கேள்வியைப் படித்தாள். நாற்பது கிலோ துணி. கிலோவுக்குப் பதினைந்து மில்லி சோப்புக் கரைசல். மொத்தம் எத்தனை லிட்டர்? ஆறு லிட்டர் என்று எழுதியிருந்தாள். அவ்வளவு கரைசலை நிஜமாகவே ஊற்றியிருந்தால், நுரை மூன்றாம் மாடி வரை ஏறி, அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களையெல்லாம் குளிப்பாட்டிக் கீழே இறக்கியிருக்கும்.

மஞ்சள் சீட்டை எடுத்து எழுதினாள். என்ன கறை? மில்லிக்கும் லிட்டருக்கும் நடுவுல ஆயிரம் இருக்கு, நான் நூறுன்னு நினைச்சேன். என்ன செய்தோம்? அறுநூறு வரைக்கும் சரியாப் பெருக்கினேன், அப்புறம் நூறால வகுத்தேன். இனி என்ன? ஆயிரம்.

ஊக்கால் குத்தினாள். குத்தியதும் ஏதோ ஒரு வேலை முடிந்த மாதிரி இருந்தது. அடுத்த கேள்விக்குப் போனாள்.

பதினான்கு தப்புக்குப் பதினான்கு சீட்டு. நான்கு நாள் இடைவேளை பிடித்தது. கடைசிச் சீட்டைக் குத்திவிட்டு, கறைவாரியாகத் துணி பிரிக்கிற கை அல்லவா, தன்னையறியாமல் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தது. ஐந்து சீட்டில் அதே மில்லி லிட்டர் கறை. நாலில் சதவீதம். இன்னும் நாலு அவள் எழுதவே எழுதாமல் விட்ட கேள்விகள். நிதானமாகப் பார்த்தால் அவற்றில் இரண்டு அவளுக்குத் தெரிந்தவை. 'என்ன கறை' என்ற இடத்தில் "பயம்" என்று ஒற்றைச் சொல் எழுதியிருந்தாள். மிச்சம் ஒன்பதாம் கேள்வி மட்டும் எந்தக் கூட்டத்திலும் சேராமல் தனியாக நின்றது.

ஆக, பதினான்கு கறை இல்லை. மூன்றே கறை. முப்பது வருஷத்துக்கு மேல் தன் தலைமுழுக்க அப்பிக் கிடப்பதாக நினைத்திருந்தது, ஒரு கையில் மூன்று விரல் மடக்கினால் தீர்ந்துவிட்டது. அக்கா அங்கேயே ஒரு மூட்டையின்மேல் சாய்ந்துகொண்டாள். இடைவேளை முடிந்த மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் மகளிடம் போனாள். "எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க வேணாம். மில்லிய லிட்டராக்குறது எப்படி, அத மட்டும் சொல்லு."

"அது ரொம்ப ஈ..."

"நில்லு. அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத."

"ஏம்மா? தைரியத்துக்குத்தான சொல்றேன்?"

"நீ ஈஸின்னு சொல்லி, எனக்கு வரலன்னா நான் மக்கு. வந்துட்டாலும் ஒண்ணுமில்ல, ஈஸியானதுதான வந்திருக்கு? கஷ்டம்னு சொல்லு. வரலன்னா கணக்கு மேல பழி. வந்துட்டா எனக்குப் பெருமை."

மகள் பேனாவைக் கீழே வைத்தாள். "எங்க புரொபசர் ஒருத்தர்கூட இத யோசிச்சதில்லம்மா" என்றாள். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "இது பயங்கரமான கஷ்டம். பல பேர் இதுல காணாமப் போயிருக்காங்க" என்று ஆரம்பித்தாள். ஒன்றரை மணி நேரத்தில் மில்லி அடங்கியது. சதவீதம் அடங்க மூன்று வாரம் ஆனது. நடுவில் இரண்டு நாள் எல்லாம் மறந்துபோய், அக்கா புத்தகத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்ட கதையும் உண்டு. மூன்றாம் நாள் அவளே குனிந்து எடுத்தாள்.

மூன்றாவது பரீட்சைக்கு மனுப் போடும் நாள் வந்தது. முந்தைய திருத்திய தாளையும் இணைக்க வேண்டும் என்பது விதி. அக்கா இணைத்தாள். திரும்பி வந்த பொருள் எதுவும் சீட்டோடுதான் உள்ளே போகும் என்று பதினெட்டு வருஷமாகக் கைக்குப் பழகிவிட்டதால், பதினான்கு மஞ்சள் சீட்டும் பதினான்கு ஊக்குமாக அப்படியே இணைத்துவிட்டாள். பஸ் பாதி தூரம் போன பிறகுதான் அது உறைத்தது.

மறுநாள் காலை பயிற்சி அதிகாரி கூப்பிடுவதாக ஆள் வந்தது.

"தொலைஞ்சேன்" என்றாள் இஸ்திரித் தம்பியிடம். பேச்சு எப்போதோ திரும்பியிருந்தது. "விடைத்தாள்ல கண்டதையும் எழுதிக் குத்தி வச்சிருக்கேன். பயம்னு வேற எழுதியிருக்கேன்டா. மனுவையே தள்ளிடுவாங்க. கடைசி வாய்ப்பும் போச்சு."

"போய் என்னன்னு கேளுங்கக்கா. கேக்காமயே தேறாதுன்னா எப்படி?"

"உன்னை அப்புறம் பேசிக்கிறேன்."

அதிகாரி இடது கை ஆள்காட்டி விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மேஜைமேல் அவள் மனு. அதன் ஓரத்தில் ஒரு ரத்தப் பொட்டு.

"இதுல எத்தனை ஊக்கும்மா இருக்கு?"

"பதினாலு சார்."

"பதிமூணு மூடியிருந்தது."

அக்காவின் கண் கைக்குட்டைமேல் போனது. தன் நிலைமை என்ன என்பதே மறந்துவிட்டது. "சார், அத வெந்நீர்ல போட்ராதீங்க. ரத்தம் அப்படியே பிடிச்சுக்கும். பச்சைத் தண்ணில அலசுங்க."

அவர் தலையாட்டிவிட்டுச் சீட்டுகளைப் புரட்டினார், இந்தத் தடவை மிக ஜாக்கிரதையாக. "எல்லாத்தையும் படிச்சேன். ஒன்பதாம் கேள்விச் சீட்டுல மட்டும் 'இனி என்ன'ங்கிறது காலியா இருக்கே?"

"எனக்குப் புரியல சார். எத்தனை தடவை போட்டாலும் எழுபத்தஞ்சுதான் வருது. நான் சரியாப் போட்ட மாதிரிதான் இருக்கு. ஆனா தப்புன்னு போட்டிருக்கீங்க."

"கேள்விய வாய்விட்டுப் படிங்க."

அவள் படித்தாள். தொட்டியில் இருநூற்றைம்பது லிட்டர் தண்ணீர், முப்பது சதவீதம் வெளியேறியது, மீதம் எவ்வளவு?

"வெளிய போனது எவ்வளவு?"

"எழுபத்தஞ்சு."

"நான் எதைக் கேட்டிருக்கேன்?"

அவள் தாளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். "உள்ள இருக்குறத," என்றாள் மெதுவாக. "நூத்தி எழுபத்தஞ்சு."

"அப்புறம், மத்த சீட்டுல சதவீதம் எனக்கு வராதுன்னு எழுதியிருக்கீங்க. இங்க போட்டிருக்கீங்களே? போன பரீட்சையிலயே?"

"அது ஏதோ குருட்டாம்போக்குல வந்திருக்கும் சார்."

"குருட்டாம்போக்குல வர்ற விடையெல்லாம் நானும் நிறையப் பாத்திருக்கேன். அது நாப்பது, அம்பது, நூறுன்னு வரும். எழுபத்தஞ்சு வராதும்மா." தாளை அவள் பக்கம் தள்ளினார். "ஊக்கையெல்லாம் கழட்டி எடுத்துக்கிட்டு, மனுவ மட்டும் வச்சிட்டுப் போங்க. பதினாறாம் தேதி காலைல பத்து மணிக்குப் பரீட்சை."

வெளியே வந்து மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மனு தள்ளுபடி ஆகவில்லை. அதைவிட அந்த எழுபத்தைந்துதான் அவளை ஆட்டியது. தனக்கு வராது என்று சத்தியம் செய்துகொண்டிருந்த நாளிலேயே அது வந்திருக்கிறது. வந்ததை அவள்தான் ஆள் தெரியாமல் வாசலோடு அனுப்பியிருக்கிறாள்.

பதினாறாம் தேதி பரீட்சை அறையில் ஏழு பேர். முதல் கேள்வியைப் படித்ததும் எல்லாம் இருண்டது. வார்த்தைகள் கொசு மாதிரி பறந்தன. கால் தானாகவே எழுந்திருக்கப் பார்த்தது. யாருக்காவது தண்ணீர் வேண்டுமா என்று கேட்கலாமே என்றுகூட ஒரு யோசனை ஓடியது. அவள் நாற்காலிக் காலில் தன் இரண்டு காலையும் பின்னிக்கொண்டாள். அந்தக் கேள்வியை விட்டு ஏழாவதுக்குப் போனாள். மில்லி லிட்டர். ஆயிரம். போட்டாள். பதினொன்று. சதவீதம். வெளியே போனதா, உள்ளே இருப்பதா? இரண்டு தடவை படித்தாள். போட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து முதல் கேள்விக்குத் திரும்பியபோது அது எதையும் பறக்கவிடாமல் சாதுவாக உட்கார்ந்திருந்தது. நாலு கேள்வி கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. அவற்றிலும் தெரிந்தவரை எழுதினாள். ஒன்றைக்கூட வெறுமனே விடவில்லை.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. அக்கா முழங்கை வரை கஞ்சியில் கைவிட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் அம்மா கையில் ஒரு காகிதத்தோடு அறை வாசலில் வந்து நின்றார். இயந்திரங்களின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஆறு விரலைக் காட்டினார். பிறகு ஐந்து விரலைக் காட்டினார்.

"பதினொண்ணா?" என்றாள் அக்கா. முகம் செத்துவிட்டது.

சூப்பர்வைசர் அம்மா உள்ளே வந்து காது பக்கத்தில் குனிந்தார். "அறுபத்தஞ்சு. கணக்குல நீ இன்னும் தேறணும்."

அக்கா கையைக் கஞ்சியிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

"அறுபத்தஞ்சு. முதல் தேதிலேருந்து புதுக் கட்டடம். காலை ஷிப்ட்."

இஸ்திரித் தம்பி கேட்டுவிட்டு, இஸ்திரிப் பெட்டியிலிருந்து புஸ்ஸென்று ஒரு நீள ஆவி விட்டான். கூடம் முழுக்க ஆளாளுக்கு ஏதோ சொன்னார்கள். அக்காவுக்கு எதுவும் காதில் விழவில்லை. தோளிலிருந்து ஏதோ ஒரு பாரம், எப்போது ஏறி உட்கார்ந்தது என்றே தெரியாத ஒன்று, சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனது.

மதியம் அவள் பயிற்சி அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், என் பேப்பர் வேணும்."

அதிகாரி நிமிர்ந்தார். "பாஸ் ஆயிட்டீங்களேம்மா. பாஸானவங்க யாரும் பேப்பர் கேட்டு வந்ததில்ல."

"மீதி முப்பத்தஞ்சு எங்க போச்சுன்னு பாக்கணும் சார்."

அவர் அலமாரியைத் திறந்து தேடி எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது விரலைக் கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். நாலு மாதமாகக் கண்ணை மூடினால் கேள்விகள் வரும். இன்று ஒன்றும் வரவில்லை. அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் போனது, அதற்கடுத்த ஆறு நிறுத்தமும் போயின. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து தட்டி எழுப்பினார்.

"எந்த ஸ்டாப்மா நீங்க?"

சொன்னாள்.

"அது போய் இருபது நிமிஷம் ஆச்சே. பதறாம உக்காந்திருக்கீங்க?"

"வண்டி திரும்பிப் போகும்ல?" என்றாள் அக்கா.

"பத்து நிமிஷத்துல."

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு, மறுபடி ஜன்னலில் சாய்ந்துகொண்டாள்.